தினம் ஓர் இடமா, ஓரிடத்தில் தங்கலா? பிள்ளைகளோடு கோடைக் கார்ப் பயணம்

பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் வெளியே போய்வரலாம் என்று முடிவானதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி 'எங்கே?' என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். மலையோ கடலோ காடோ, நல்ல இடம் எல்லாத் திசையிலும் இருக்கிறது. அந்த ஏழு நாளை எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்பதில்தான் பயணம் இனிப்பதும் கசப்பதும் இருக்கிறது.

பொதுவாக மூன்று வழிகள் உண்டு. சுற்றுப்பயணம் என்றால் தினமும் ஓர் இடம், தினமும் ஒரு புதுப் படுக்கை. ஓரிடத் தங்கல் என்றால் நேராக ஓர் இடத்துக்குப் போய்ப் பெட்டியை இறக்கிவிட்டு, வாரம் முழுக்க அங்கிருந்தே அக்கம்பக்கத்துக் காடு, மலை, தண்ணீர் என்று போய்வருவது. இரண்டுக்கும் நடுவில் இரட்டைத் தங்கல் இருக்கிறது. மூன்று இரவு ஓர் இடம், மூன்று இரவு இன்னோர் இடம்.

இவற்றை ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பிள்ளைகளின் கால் தரையில் இருக்கும் நேரம். எத்தனை கிலோமீட்டர் ஓடினோம், எத்தனை இடம் பார்த்தோம் என்பதெல்லாம் பெரியவர்களின் கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கணுக்கால் அளவு ஓடையும் கை நிறையக் கற்களும் கிடைத்தால் அரை நாள் போவதே தெரியாது. அந்த நேரத்தில் 'இன்னும் ரெண்டு இடம் பாக்கியிருக்கு' என்று கையைப் பிடித்து இழுத்துவருவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

மணிக்கணக்கு

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழு பகல், ஆறு இரவு.

சுற்றுப்பயணத்தில் தினமும் மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளில் 24.5 மணி. அதோடு பெட்டி கட்டுவது, பிரிப்பது இருக்கிறது. கிளம்பும் காலையில் ஒரு மணி நேரம். புது இடத்தில் சாமானை இறக்கி, பல்துலக்கி எந்தப் பையில் போனது என்று தேடி, யார் எங்கே படுப்பது என்ற பஞ்சாயத்தை முடிக்க இன்னொரு மணி நேரம். ஆறு தங்குமிடத்துக்கு 12 மணி. ஆக மொத்தம் 36.5 மணி நேரம் காரிலும் பெட்டியிலும் போகிறது.

ஓரிடத் தங்கலில் போக ஆறு மணி, வர ஆறு மணி. நடுவில் இருக்கும் ஐந்து நாளும் அக்கம்பக்கம் போய்வர ஒவ்வொரு மணி. பெட்டி வேலை மொத்தம் இரண்டு மணி. கூட்டினால் 19. சுற்றுப்பயணத்தோடு வித்தியாசம் 17.5 மணி நேரம். ஒரு பிள்ளை விழித்திருக்கும் முழு நாள் ஒன்றைவிட அதிகம் அது.

இரட்டைத் தங்கலில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. முதல் நாள் ஆறு மணி ஓட்டித் தூரத்து இடத்துக்குப் போய்விடுகிறோம். நான்காம் நாள், திரும்பும் திசையிலேயே மூன்று மணி நேரம் வந்து இரண்டாம் இடம். கடைசி நாள் அங்கிருந்து வீட்டுக்கு நான்கு மணி. நடுவில் நான்கு நாள் உள்ளூர்ப் போக்குவரத்துக்கு நான்கு மணி, பெட்டி வேலைக்கு நான்கு மணி. மொத்தம் 21. அதாவது ஒரே இடத்தில் இருப்பதைவிட இரண்டே மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து, முற்றிலும் வேறான இரண்டு நிலப்பரப்பு கிடைக்கிறது. மலையும் கடலும், காடும் ஏரியும் என்று எந்த ஜோடியும் போடலாம்.

எண்கள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்கள் தூரத்தைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்; தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பது பெரும்பாலும் மாறாது. ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மேப் காட்டும் நேரம், நிற்காமல் ஓடும் வண்டிக்கானது. ஓட்டுபவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது குறைந்தது 15 நிமிடம் இறங்கி நிற்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. பிள்ளைகள் இருந்தால் அந்த 15 அரை மணியாகும். ஆறு மணிப் பயணம் என்று நான் மேலே எழுதியது இந்த நிறுத்தங்களையும் சேர்த்துத்தான். மேப்பில் அது நாலரை மணி என்று காட்டும் தூரமாக இருக்கட்டும். கைக்குழந்தை இருந்தால் நிறுத்தம் இன்னும் கட்டாயம். சாய்ந்த இருக்கையில் குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் குழந்தை நல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

கடைசி நாள் ஓட்டம் குறைவாக இருக்கும்படி நான் வைத்ததற்குக் காரணம் உண்டு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு இன்னும் 30 விநாடி கூடுதல். ஆனால் அந்த 30 விநாடியில் தண்ணீர் மெல்ல ஒரு டிகிரி சூடாகும். மறுபடி எதைச் செய்யத் தயார் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள், அது முடிந்த விதம் கொஞ்சம் இதமாக இருந்ததால். ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் மனதில் தங்குகின்றன, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அவ்வளவாகப் பதிவதில்லை என்பது அவர்கள் கண்டது. ஆறு நாள் ஆடிப்பாடிவிட்டுக் கடைசி நாள் எட்டு மணி நேரம் காரில் அடைந்து, அழுது, சண்டை போட்டு வீடு சேர்ந்தால் பிள்ளைக்கு எது நினைவிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுற்றுப்பயணம் யாருக்கு?

இதனால் சுற்றுப்பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் நிலைமை வேறு. அவர்களால் தங்கள் பையைத் தாங்களே கட்ட முடியும், மூன்று மணி நேரம் உட்கார முடியும், சலிப்பையும் தாங்க முடியும். பதின்பருவத்துப் பிள்ளையை ஒரே இடத்தில் ஐந்து நாள் நிறுத்துவதுதான் கஷ்டம். அவர்களுக்குச் சாலையே விருந்து. காகித வரைபடத்தைக் கையில் கொடுத்து முன் இருக்கையில் உட்காரவைத்து, 'இன்னிக்கு எந்த வழியில போறதுன்னு நீதான் சொல்லணும்' என்று பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். தூக்கக் கலக்கம் போன இடம் தெரியாது. முன் இருக்கையில் உட்காரும் வயது, உயரம் பற்றிய சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுப்பயணத்துக்கு ஒரு கதை இருந்தால் இன்னும் நல்லது. எனக்குப் பிடித்தது ஆற்றைத் தொடர்வது. மலையில் ஊற்றாகக் கசியும் இடத்தில் தொடங்கி, அருவி, அணை, சமவெளி, கழிமுகம் என்று நாளுக்கு நாள் கீழே இறங்கிவந்து, கடலில் கலக்கும் இடத்தில் முடிப்பது. முதல் நாள் தாண்டிக் குதித்த தண்ணீர் ஐந்தாம் நாள் அக்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு விரிந்து கிடப்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் கண்ணால் பார்த்தால், புவியியல் புத்தகத்தில் படிப்பது போல இருக்காது. இந்தப் பயணத்தை ஓரிடத் தங்கலில் செய்யவே முடியாது.

நான்கு முதல் ஒன்பது வரையான வயதுக்கு ஓரிடமோ இரட்டையோ. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வயதுக்காரர்களுக்கு முதல் நாள் ஓர் இடம் அந்நியம், இரண்டாம் நாள் பழக்கம், மூன்றாம் நாள் சொந்தம். 'நம்ம பாறை', 'நம்ம மரம்' என்று பெயர் வைக்க ஆரம்பிப்பது மூன்றாம் நாளில்தான். சுற்றுப்பயணத்தில் அந்த மூன்றாம் நாள் வருவதே இல்லை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஓரிடம் மட்டும், அதுவும் பக்கத்தில். பகல் தூக்கம் கெட்டால் எல்லாமே கெட்டது.

வயிறு சொல்லும் கணக்கு

வயதைப் பற்றிப் பேசும்போது வாந்தியைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்களில் வழியை முடிவுசெய்வதே அதுதான். வண்டிக் குமட்டல் இரண்டு வயதுக்கு முன் அரிது. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் அதிகம், பதின்பருவத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். உள்காது 'நாம் ஆடி அசைந்து போகிறோம்' என்கிறது. முன் இருக்கையின் முதுகையோ மொபைல் திரையையோ பார்க்கும் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரள்கிறது. அதனால்தான் ஓட்டுபவருக்கு வருவதில்லை, பின்னால் உட்கார்ந்து படம் பார்க்கும் பிள்ளைக்கு வருகிறது.

சின்னப் பிள்ளை முன்கூட்டிச் சொல்லாது. நாம்தான் கவனிக்க வேண்டும். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று மௌனமாகும். அடுத்தடுத்துக் கொட்டாவி வரும். உதட்டைச் சுற்றி வெளுக்கும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை துளிர்க்கும், எச்சிலை அடிக்கடி விழுங்கும். கொட்டாவியைப் பார்த்து 'தூக்கம் வருது போல' என்று விட்டுவிட்டால் அவ்வளவுதான். அந்தக் கட்டத்திலேயே ஜன்னலைத் திறந்து, திரையை வாங்கி வைத்து, தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி, பத்திரமான இடத்தில் நிறுத்தி இறக்கிவிட்டால் பல நேரம் அடங்கிவிடும். முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி பின்சீட்டின் நடு இடம் கொடுப்பதும் உதவும், பிள்ளையின் இருக்கையை அங்கே சரியாகப் பொருத்த முடிந்தால். டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே கொடுக்க வேண்டும். தூக்கம் வரும், வயதுக்கேற்ற அளவு முக்கியம், ஆகவே மருத்துவரைக் கேட்டுவிட்டு.

இப்போது ஒப்பீட்டுக்கு வாருங்கள். மலைப்பாதைகளில் சுற்றுப்பயணம் என்றால் குமட்டல் வரும் பிள்ளைக்கு அது தினசரித் தண்டனை. ஓரிடத் தங்கலில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் மற்ற எந்தக் கணக்கும் தேவையில்லை.

சுற்றுப்பயணத்தில் கூடும் இன்னோர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் புது இடம் என்றால் தினமும் 'நீ கார்லயே இரு, அப்பா அறை இருக்கான்னு கேட்டுட்டு வந்துடறேன்' என்ற தருணம் வரும். வேண்டாம். 2005இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காரை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே. வெளியே மிதமான வெயில் அடித்த நாட்களிலும் இப்படித்தான். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலனில்லை. குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். ஐந்து நிமிட வேலை என்றாலும் கூடவே இறக்கிக் கூட்டிப்போங்கள்.

டென்ட், அறை, கேம்பர் வேன்

எங்கே படுப்பது என்பதைத் தனிக் கேள்வியாகப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். எந்த வடிவத்தில் பயணம் போகிறீர்கள் என்பதோடு ஒட்டியே இதற்கும் விடை கிடைக்கும்.

கேம்பர் வேன் சுற்றுப்பயணத்துக்குப் பிறந்தது. பெட்டி கட்டுவது, பிரிப்பது என்ற 12 மணி நேரத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. படுக்கை நம்மோடேயே வருகிறது. ஆனால் ஓரிடத் தங்கலுக்கு அதே வேன் தொல்லை. நடைபாதை தொடங்கும் இடத்துக்குப் போக வேண்டுமா? வீட்டையே கிளப்பிக்கொண்டுதான் போக வேண்டும். பாத்திரங்களை உள்ளே வைத்து, கேஸை மூடி, கதவுகளைப் பூட்டி, குறுகலான பாதையில் ஓர் அகல வண்டியை ஓட்டி. வாடகைக்கு எடுக்கும்போது படுக்கைகளை மட்டும் எண்ணாதீர்கள், சீட் பெல்ட்டுகளை எண்ணுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும் வண்டியில் நான்கு பேருக்கே பெல்ட் இருக்கலாம். பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தக் கூடாது.

அறையோ சிறு வாடகை வீடோ எடுத்தால் துணி துவைக்கலாம், காயப்போடலாம், ராத்திரி இருட்டில் கழிப்பறைக்கு நடக்க வேண்டியதில்லை, மழை நாளில் உள்ளே உட்கார்ந்து விளையாடலாம். சமையல் வசதி இருந்தால் இன்னும் நிம்மதி. குறை என்றால், கதவைச் சாத்தியதும் காடு வெளியே நின்றுவிடும்.

டென்ட்டில் அந்தக் கதவு இல்லை. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சாகசம் வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன். முளை அடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முளையை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து, கல்லால் தட்டி, கயிறு விறைக்கும்போது துணி மடிப்பு நீங்கி நிமிர்வதைப் பார்க்கிற பிள்ளைக்கு அன்றிரவு அது தான் கட்டிய வீடு. அந்த வீட்டில் பயமில்லாமல் தூங்கும்.

நான்கு பேர் டென்ட் என்று விற்பதில் நான்கு பாய்கள் இடைவெளியின்றி அடங்கும், அவ்வளவுதான். நான்கு பேருக்கு ஆறு பேர் டென்ட் எடுங்கள். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். படுத்த உடம்பின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உயரம் ஏற ஏற ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சமவெளியில் 34 என்றால் 1500 மீட்டரில் சுமார் 24, அதுவும் பகலில். கோடைதானே என்று அரைக்கைச் சட்டைகளை மட்டும் எடுத்துவைப்பவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு நடுங்குவார்கள்.

இடம் தேடும்போது பள்ளம் வேண்டாம், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம், ஆற்றங்கரையை ஒட்டி வேண்டவே வேண்டாம். இயற்கையில் தடம் பதிக்காமல் தங்குவதற்கான வழிகாட்டுதல்கள் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளிச் சொல்கின்றன. அது தண்ணீரைக் காப்பதற்குச் சொன்னது, நம்மையும் காக்கும். எவ்வளவு குளிரடித்தாலும் டென்ட்டுக்குள் ஸ்டவ்வோ கரியோ பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மலையா, தண்ணீரா?

நடைப்பயணத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது. இன்றைய அளவில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. ஆறு கிலோமீட்டர் பாதை, 300 மீட்டர் ஏற்றம் என்றால் 72 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி 42 நிமிடம். இது திடகாத்திரமான பெரியவருக்கு. ஆறு, ஏழு வயதுப் பிள்ளையோடு இதை இரட்டிப்பாக்குங்கள், மூன்றரை மணி. வழியில் வண்ணத்துப்பூச்சிக்கும் காளானுக்கும் நிற்கும் நேரம் தனி. அந்த நேரத்தை இழப்பாக நினைக்காதீர்கள், நாம் வந்ததே அதற்குத்தான்.

சிகரத்துக்காகப் பிள்ளைகள் நடப்பதில்லை. பாதை முடியும் இடத்தில் ஏறி விளையாட ஒரு பாறையோ, கால் நனைக்கத் தண்ணீரோ, எட்டிப்பார்க்க ஒரு குகையோ இருக்க வேண்டும். இரண்டு பாதைகளில் எது என்று குழம்பினால், காட்சி அழகாக இருக்கும் பாதையை விட்டுவிட்டு, இறுதியில் தொட்டு விளையாட ஏதாவது இருக்கும் பாதையை எடுங்கள்.

மலையில் இரண்டு விஷயம் ஏமாற்றும். காற்று குளுமையாக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும். தொப்பி, முழுக்கைச் சட்டை, இரண்டு மணிக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும்தான் சரி. இன்னொன்று இடி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறோம். உடனே இறங்கி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். டென்ட் இதற்குப் பாதுகாப்பே இல்லை; உலோகக் கூரையுள்ள காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். 2500 மீட்டருக்கு மேல் இரவு தங்குவது என்றால் உயர நோய் பிள்ளைகளுக்கும் வரும். 'தலை வலிக்குது' என்று சொல்லத் தெரியாத வயதில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். சின்னப் பிள்ளைகளோடு அந்த உயரத்தை இந்தக் கோடைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன்.

தண்ணீர் என்று வந்தால் பிள்ளைகளுக்கு நான் முதலிடம் கொடுப்பது கடலுக்கு அல்ல, கணுக்காலளவு ஓடைக்கு. ஐந்து வயதுப் பிள்ளை ஓடையில் அணை கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் பெரிய கல்லைத் தள்ளிக்கொண்டு வந்து வைக்கும். தண்ணீர் பக்கவாட்டில் போகும். சின்னக் கல்லால் அந்த இடுக்கை அடைக்கும், அடியில் கசியும். அப்புறம் மண்ணைப் பிசைந்து அப்பும், இலையைச் செருகும். ஒரு கட்டத்தில் நீர் மட்டம் விரலளவு உயரும். அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பொம்மையாலும் தர முடியாத சந்தோஷம் அது. ஓரிடத் தங்கலுக்கு இடம் தேடும்போது 'நடந்து போகிற தூரத்தில் ஓடை இருக்கிறதா?' என்று கேளுங்கள், மற்ற வசதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடையும் எப்போதும் சாது அல்ல. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரைத் தள்ளிவிடும். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகு மிதந்து வர ஆரம்பித்தால், அந்த நிமிடமே கரையேறிவிட வேண்டும். சாலையில் தண்ணீர் புரண்டு ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். 30 சென்டிமீட்டர் நீர் சிறிய காரை மிதக்கவைக்கும், 60 இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

ஏரியில் கரை சட்டென்று ஆழமாகும், மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் அடியில் குளிரும். கடலில், கரையிலிருந்து உள்ளே இழுத்துப்போகும் இழுப்பு நீரோட்டம். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, பிறகு திரும்ப வேண்டும் என்பதை நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு அளவான லைஃப் ஜாக்கெட். காற்றடைத்த கைப்பட்டையும் டியூபும் விளையாட்டுச் சாமான்கள், உயிரைக் காக்கப் போதாதவை. தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். ஆகவே சின்னப் பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், மொபைல் இல்லாமல். இருவர் மாறி மாறி முறை போட்டுக்கொள்ளுங்கள், 'இப்ப நான் பார்க்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லி.

ராத்திரியா, விடியலா?

பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வரட்டும் என்று இரவில் ஓட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. நடு இரவு தாண்டி விடியற்காலை ஆறு மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை ஆறு மணிக்கு எழுந்து, வேலைக்குப் போய்விட்டு வந்து, இரவு பதினொன்றுக்குச் சாவியைத் திருப்பும் அப்பாவும் அம்மாவும் சரியாக அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். முன்தினம் சீக்கிரம் படுத்துவிட்டு, வெளிச்சம் வரும்போது கிளம்புங்கள். பிள்ளைகள் அப்போதும் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் அமைதியாகப் போகும், வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் முடியும். மதியம் இரண்டு முதல் நான்கு வரை இன்னொரு தூக்கச் சரிவு வரும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நான் எதை எடுப்பேன்

மூன்று வயதுக்குக் கீழே யாரும் இல்லாமல், பத்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையாவது இருந்தால் இரட்டைத் தங்கல். முதல் மூன்று இரவு தூரத்து இடத்தில் அறை, அடுத்த மூன்று இரவு திரும்பும் வழியில் டென்ட். இந்த வரிசையை மாற்றிப் போடத் தோன்றும், புத்துணர்ச்சியாக இருக்கும்போதே டென்ட்டை முடித்துவிட்டுக் கடைசியில் அறையில் ஓய்வெடுக்கலாம் என்று. ஆனால் முதல் நாள் ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு, பசித்த பிள்ளைகளோடு, பழகாத இடத்தில் டென்ட் அடிப்பது யாருக்கும் நல்லதில்லை. அன்றைக்குத் தேவை ஒரு கதவும் குளியலும் படுக்கையும். நான்காம் நாள் மூன்று மணி நேர ஓட்டம்தான். மதியத்துக்குள் போய்விடலாம், நல்ல வெளிச்சத்தில் பிள்ளைகளே முளை அடிக்கலாம். முதல் மூன்று நாள் துணியை அறையிலேயே துவைத்துக் காயவைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். டென்ட் நாட்களின் அழுக்கு வீட்டில் வெளுத்துக்கொள்ளலாம்.

பதிவு செய்யும்போது முதல் இடத்தை உறுதியாகப் போட்டுவிட்டு, இரண்டாவதை ரத்துசெய்யக்கூடியதாக வையுங்கள். முதல் இடமே பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், ஓடையை விட்டு வரமாட்டேன் என்று நின்றால் அங்கேயே இன்னும் இரண்டு நாள் இருக்கலாம். கடைசி நாள் ஓட்டம் அப்போது ஆறு மணியாக நீளும்தான். விடியலில் கிளம்பிவிட்டால் மதியத்துக்கெல்லாம் வீடு. டென்ட்டுக்குப் போய் இரண்டாம் இரவே மழை பிடித்துக்கொண்டாலும் பதற வேண்டாம். காலையில் ஈரத்தோடு சுருட்டிப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினால் நான்கு மணி நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள். போய்ச் சேர்ந்ததும் டென்ட்டை விரித்துக் காயப்போட மட்டும் மறக்காதீர்கள், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.